எங்கள் வீட்டுச் சுவரில் எழுந்த மலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருவண்ணாமலையில், ஐப்பசி பிறந்ததிலிருந்து வெயில் தலையே காட்டாத ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. அப்போது செங்கம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கீழ்வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி, ஏழு வயது மகள். மாடியில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். ரிட்டயரான பஸ் கண்டக்டர். வாசலில் நாம் நின்றால் இன்றைக்கும் "உள்ள போப்பா, உள்ள போ" என்றுதான் சொல்வார். நல்ல மனிதர்.

என் பிழைப்பு, ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுவது. மொத்தம் பதினோரு வண்டி. இது போக எனக்கு இன்னொரு பிழைப்பும் உண்டு, எதையாவது சொல்லி ஊரைச் சிரிக்க வைப்பது. அதில் வருமானம் கிடையாது, திட்டு மட்டும் ஜாஸ்தி. என் கல்யாணத்தில் நான் சொன்ன ஒரு ஜோக்குக்கு ஐயர் சிரித்து மந்திரத்தை விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மாமனார் இன்று வரை என்னோடு அளவாகத்தான் பேசுகிறார்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை. அறைக்கு இரண்டு ஜன்னல்கள், இரண்டையும் திறக்க முடியாது. குரங்கு. குடிவந்த புதிதில் காற்றுக்காகத் திறந்து வைத்தேன். உள்ளே வந்த ஒன்று தோசை மாவில் கையை விட்டு, அதே கையால் பீரோக் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு முறைப்பு முறைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. மழை நாளில் துணியும் உள்ளேயே கொடி கட்டித்தான் காயும். காயும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

மாடியில் வீட்டுக்காரரின் குளியலறை எங்கள் மேற்குச் சுவருக்கு நேர் மேலே. எங்கேயோ குழாய் கசிந்து அந்தச் சுவர் முழுக்க ஓதம் ஏறியிருந்தது. கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். அப்பளம் பொரித்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். ஆணியில் மாட்டியிருந்த என் பெல்ட்டுக்கு வெள்ளையாகத் தாடி முளைத்திருந்தது. "உங்கள விட அதுக்கு நல்லா வளருது" என்றாள் மனைவி. தாடி விஷயத்தில் நான் அப்படித்தான்.

சுவரில் முதலில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள் வந்தன. காலண்டரை இடம் மாற்றி மாட்டினேன். காலண்டரை விடப் பெரிதானது. மீதியிருந்த சுண்ணாம்பை ஒரு கை அடித்தேன். பதினைந்தே நாளில் அதைத் தின்றுவிட்டு முன்னைவிடக் கருப்பாக வெளியே வந்தது. பழைய வீட்டு வாசம், நனைந்த சாக்கு வாசம், எப்போதும் மூக்கில் இருந்தது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் அது தெரியும், எங்களுக்குப் பழகிவிட்டது.

மகளுக்கு இருமல் ஆரம்பித்ததும் அப்போதுதான். காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல், அப்புறம் வறட்டு இருமல். பள்ளிக்கூடத்துக்குப் போனால் குறைந்துவிடும். வீட்டுக்கு வந்தால் மறுபடி. இதைக் கவனித்து நான் ஒரு ஜோக் சொன்னேன், "இவளுக்கு வீட்டுப் பாடம்தான் ஒத்துக்கலை" என்று. என்னைச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருந்த ஒரே தடயத்தையும் சிரித்தே துடைத்துவிட்டேன்.

பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டார் டாக்டர். இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். இருமல் மருந்து கொடுத்தார். சுவரைப் பற்றி அவர் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. சுவருக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டுக்காரரிடம் குழாயைப் பற்றி ஐந்தாறு முறை சொல்லியிருந்தேன். "பாத்துடலாம் தம்பி, மழை விடட்டும்" என்பார். மழை விட்டால் ஓதமும் விட்டுவிடும், அப்புறம் ஏன் பார்க்க வேண்டும்? ஒருவழியாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். நான் நம்பவில்லை.

அந்த வாரம் மனைவி, மகளைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். நான் தனி. தனியாக இருக்கும் ஆம்பளை எதையாவது கெடுத்து வைப்பான் என்பது என் மனைவியின் கொள்கை. அதை நான் பொய்யாக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பு கீழே அகலமாகப் பரவி, மேலே போகப் போகக் குறுகி, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கியது. அட, நம்ம மலை. இந்த ஊரில் பிறந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் அந்த வடிவம் தெரியும். சாதத்தைக் குவித்தால் தெரியும், மணல் கொட்டினால் தெரியும். ஆனால் இதில் உச்சி மட்டும் சரியாக அமையவில்லை, மொண்ணையாக நின்றது. எனக்குக் கை சும்மா இருக்குமா? மனைவியின் மைப் பென்சிலை எடுத்து உச்சியைக் கூராக்கினேன். வலது பக்கச் சரிவில் ஒரு மேடு குறைந்தது, விரலால் தேய்த்து அதையும் சேர்த்தேன். கடைசியில் குங்குமத்தைத் தொட்டு உச்சியில் சின்னதாக ஒரு தீபம். தள்ளி நின்று பார்த்தேன். சத்தியமாக நன்றாக இருந்தது.

போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். "அண்ணா, மேல இருந்து மலையே எறங்கி வந்துடுச்சு, வந்து பாருங்க" என்று எழுதினேன். குழாயை இன்னும் சரி பண்ணவில்லை என்று குத்திக் காட்டுவது என் எண்ணம். மனிதர் வெட்கப்பட்டுச் சிரிப்பார், ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் நிச்சயம் வருவார் என்று கணக்குப் போட்டேன்.

ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தார். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். சுவருக்கு முன்னால் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"முப்பது வருஷம் இந்த மலையச் சுத்தி வண்டியில போய்னு வந்துனு இருந்தேன் தம்பி. எறங்கி நின்னு ஒரு கும்புடு போட நேரம் இல்ல. இப்ப பாரு, என் வீட்டுக்கே வந்துட்டார்" என்றார்.

இந்த இடத்தில் நான், "அண்ணா, நான்தான் வரைஞ்சேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ புண்ணியவான்ப்பா, உன் கண்ணுல பட்டுது பாரு" என்றார். வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் என்னைப் புண்ணியவான் என்றார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன்.

மறுநாள் மனைவி வந்தாள். அவளிடம் சொல்லிச் சிரிப்பதற்காகத் தயாராகக் காத்திருந்தேன். பையைக் கீழே வைத்தாள், சுவரைப் பார்த்தாள், கை தானாகக் குவிந்தது. மகள் பிறந்ததிலிருந்து அவளுக்கு முட்டி வலி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றிக்கொண்டிருந்தவள் ஏழு வருடமாகச் சுற்றவில்லை. அது அவளுக்குப் பெரிய குறை.

"நான் வரலைன்னு அவரே வந்துட்டாரு இல்லங்க" என்றாள், குரல் உடைந்து.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மைப் பென்சில் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எனக்கு வரவில்லை.

சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்குத் தெரிந்தால் சந்துக்கே தெரிந்த மாதிரி. பூக்கட்டி விற்கிறவர், வாய்க்குப் பயந்து குரங்கே அவர் வீட்டுப் பக்கம் போகாது. அவரே வந்து முழம் பூவைச் சுவரில் ஆணி அடித்துச் சாத்தினார். அடுத்த நாள் வாழைப்பழம் வந்தது. அப்புறம் கற்பூரம், சாம்பிராணி. பழங்களை எல்லாரும் போன பிறகு நான்தான் தின்றேன். ஒவ்வொரு பழமும் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது, ஆனாலும் இறங்கியது.

நான் நம்பாத அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொத்தனாரும் வந்துவிட்டார், உளி, சுத்தியல், மணல் சல்லடையோடு. வாசல் வரை வந்தவரை வீட்டுக்காரர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து சுவரைக் காட்டினார். கொத்தனார் உளியைத் தரையில் வைத்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார்.

"இதுல கை வெக்க மாட்டேங்க நானு. மேல கொழாய மாத்தணும்னாலும் இந்தப் பூச்சு விண்டு விழுந்துடும். அப்படியே வுட்ருங்க" என்றார்.

"அதான் நானும் நெனச்சேன்" என்றார் வீட்டுக்காரர்.

இரண்டு பேரும் திரும்பி, புண்ணியவானாகிய என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ கூடாத இடத்தில் வாயைத் திறந்தவன் நான். திறக்க வேண்டிய அந்த ஒரு இடத்தில் தலையை மட்டும் ஆட்டினேன். உளி திரும்பிப் போனது. மேலே குழாய் கசிந்துகொண்டே இருந்தது. மலை நாளுக்கு நாள் வளர்ந்தது. ஒரு வாரத்தில் அடிவாரம் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.

மகளின் இருமலும் வளர்ந்தது. இப்போது இருமலோடு மூச்சு விடும்போது ஒரு விசில் சத்தம். ஊர்வலம் தூரத்தில் வருவது போல மெல்லியதாகக் கேட்கும். மறுபடி கிளினிக்குக்குப் போனோம், வேறு மருந்து கொடுத்தார்கள். மழைக் காலம், எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கிறது என்றார்கள். நானும் அதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன், முக்கியமாக என்னிடம்.

ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா என் மகளின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் சொன்னார். "இன்னாத்துக்குடி இவள அந்த மூலையில போட்டு வெச்சிருக்க? ஊர்ல இருக்கறவன்லாம் மலையத் தேடி வரான். உன் வீட்ல மலை இருக்குது. கொண்டாந்து அவர் காலடியில படுக்க வை. ரெண்டு வேளை சாம்பிராணி போடு. சளி தன்னால கரையும்."

அன்றைக்கே மகளின் பாயை மேற்குச் சுவரை ஒட்டிப் போட்டாள் மனைவி. தலையணை சரியாக மலையடிவாரத்தில்.

எனக்கு அது என்னவோ பிடிக்கவில்லை. பூஞ்சணம் உடம்புக்கு ஆகாது என்று அப்போது எனக்குத் தெரியாது. அழுக்குதானே என்றுதான் நினைத்தேன். ஆனால் அது மலை இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். மருந்து என்று நினைத்து மனைவி குழந்தையைக் கொண்டுபோய் வைத்த இடத்தில் மருந்து இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அந்த நாட்களில் என்னால் உட்கார முடியவில்லை. வண்டி வாடகைக் கடையில் இருந்தால் வீட்டுக்கு போன் போட்டு, "இருமுறாளா?" என்று கேட்பேன். வீட்டில் இருந்தால் அந்த விசில் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். பாயை ஒரு சாண் இந்தப் பக்கம் இழுத்துப் போடுவேன். மனைவி ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளிப் போடுவாள். "ஜில்லுனு இருக்குதும்மா சுவரு" என்று நான் சொன்னால், "கைலாசமும் ஜில்லுனுதான் இருக்கும்" என்பாள். என் வாயை அடைக்க என் பாணியிலேயே பதில்.

ஒரு தடவை துணிந்துவிட்டேன். "ஒரு விஷயம் சொல்லணும், கோச்சுக்காத" என்று ஆரம்பித்தேன். அவள் சாம்பிராணித் தட்டோடு திரும்பி, "பொண்ணுக்குக் கொணமாவட்டும்னு வேண்டினு இருக்கேன். இப்ப உங்க வெளையாட்டெல்லாம் வேணாம்" என்றாள். சரி, குணமானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் நாலரை இருக்கும். மலையில் ஏற்றுவதற்கு முன்னால் நம் வீட்டு மலைக்கு ஒரு பூஜை போட்டுவிட வேண்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. சந்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். வெளியே தூறல், அதனால் கதவையும் சாத்தியிருந்தார்கள். சாம்பிராணிப் புகை அறையை நிறைத்து எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. மகள் பாயில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

விசில் சத்தம் நின்றது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. நின்றதும் ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோளை மேலே தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்து, "ப்பா" என்றாள். அதற்கு மேல் பேசக் காற்று இல்லை.

தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலில் என் ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. பதினோரு வண்டி வைத்திருப்பவன் நான், ஒன்றைக்கூட எடுக்க முடியாது. தீபத்தன்று செங்கம் சாலையில் வண்டி ஏது? சாலை முழுக்கத் தலைகள். எங்கிருந்தெல்லாமோ வந்த ஜனம், ஒரு சுவர் நகர்வது போல மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி கிழக்கே. மலை சுற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரு திசை, நான் மட்டும் எதிர்த் திசை. "ஏம்ப்பா, தப்பா போறியே, இப்படிச் சுத்தக் கூடாது" என்று ஒருவர் என் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவரே முன்னால் போய், "வழி வுடுங்க, கொழந்த, கொழந்த" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தார். யாரென்று தெரியாது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது மட்டும் ஞாபகம். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். பின்னால் முட்டி வலியோடு மனைவி ஓடிவந்தாள்.

தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் போலீஸ் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, "டவுன் வரைக்கும் போக முடியாது. அதோ மருத்துவ முகாம், அங்க போங்க" என்று கைகாட்டி, தானும் கூடவே வந்தார். நீலக் கூடாரம். கால் கொப்புளத்துக்கும் மயக்கத்துக்கும் வந்தவர்கள் வரிசையில் இருந்தார்கள். வரிசை தானாக விலகியது. உள்ளே சின்ன வயது டாக்டரம்மா ஒருவர். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மகளை என் மடியிலேயே உட்கார வைத்து, மருந்துப் புகை வரும் முகமூடியை மாட்டி, விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் ஒரு கிளிப்பைச் செருகினார். கிளிப்பில் ஒரு எண் தெரிந்தது. எண்பத்தேழு.

"இது ஏறணும்" என்றார். அவ்வளவுதான்.

அந்த எண் ஏறவில்லை. எண்பத்தெட்டு ஆனது, மறுபடி எண்பத்தேழு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பதாகவும், கூட்டத்தில் வந்து சேர நேரமாகும் என்றும் சொன்னார்கள். என் கை மகளின் முதுகில் இருந்தது. குருவியைப் பிடித்த மாதிரி படபடத்தது. இரண்டாவது தடவை மருந்து போட்டார்கள், ஒரு ஊசியும் போட்டார்கள். நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. கும்பிட வெட்கமாக இருந்தது. மைப் பென்சிலால் உச்சி வரைந்தவன் எந்த முகத்தோடு கேட்பது?

ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏறியது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஊரே எழுப்பிய சத்தத்தில் கூடாரத் துணி நடுங்கியது. உள்ளே இருந்தவர்கள்கூட எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் மலையைப் பார்க்காமல் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான் என்று நினைக்கிறேன். டாக்டரம்மா, மனைவி, நான். மூன்று பேரும் அந்தச் சின்னக் கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் தொண்ணூற்று மூன்று.

"வருது" என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் அவரும் மூச்சு விட்டார் போல.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கேட்க ஆரம்பித்தார். எத்தனை நாளாக இருமல்? எப்போது ஜாஸ்தி, எப்போது கம்மி? பள்ளிக்கூடத்தில் கம்மி, வீட்டில் ஜாஸ்தி என்று மனைவி சொன்னதும் அவர் நிமிர்ந்தார்.

"வீட்ல எங்க படுக்க வெப்பீங்க?"

மனைவி பதில் சொன்னாள், சுவரில் மலை எழுந்ததை, அதன் காலடியில் பாய் போட்டதை, சாம்பிராணியை, எல்லாம். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மனைவி என் போனை வாங்கி போட்டோவைக் காட்டினாள். அவர் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"இது பூஞ்சணம்மா. ஓதம் இருக்கற செவுத்துல வரும். இதோட தூள் கண்ணுக்குத் தெரியாது, காத்துல கலந்து மூச்சுல போவும். எல்லாருக்கும் எதுவும் பண்ணாது. வீசிங் வர்ற ஒடம்பு இருக்கற குழந்தைக்கு இது ஆகாது. அதுக்குப் பக்கத்துலயே படுக்க வெச்சு, மூடுன ரூம்ல புகையும் போட்டா இப்படித்தான் ஆகும்."

"பூஞ்சணம் எப்படிங்க மலை மாதிரி வரும்? உச்சி பாருங்க, தீபம் பாருங்க" என்றாள் மனைவி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மனைவியும் என்னைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே மகளின் கண்களும் என்னைப் பார்த்தன.

"உச்சிய நான்தான் வரைஞ்சேன்" என்றேன். "உன் மைப் பென்சில்ல. தீபம் குங்குமம்."

மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளின் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டாள். என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "கொத்தனார் வந்த அன்னிக்காவது சொல்லியிருக்கலாம் இல்ல."



இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, அங்கிருந்து நேராக மனைவியும் மகளும் கீழ்பென்னாத்தூருக்குப் போனார்கள். சுவர் சரியாகிக் காயும் வரை குழந்தையை அந்த வீட்டுக்குள் விடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டு அக்காவையும் மாடியிலிருந்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். ஒரு ஜோக்கும் இல்லாமல் நடந்ததைச் சொன்னேன். அத்தனை நேரம் நான் ஜோக் இல்லாமல் பேசியதே இல்லை, நாக்கு குழறியது.

வீட்டுக்காரர் சுவரில் ஈரம் இறங்கிய இடத்தில் கையை வைத்தார். "கொழாயி என்னுது தம்பி. உன் பென்சில் இல்லன்னாலும் தண்ணி எறங்கினுதான் இருந்திருக்கும். நான் தள்ளிப் போட்டுனே இருந்தேன்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வேலையை அக்கா பார்த்துக்கொண்டார். அரை மணி நேரம், மூச்சு விடாமல். என் பரம்பரையில் மூன்று தலைமுறையை இழுத்தார், சந்தில் நின்ற என் பதினோரு வண்டிகளையும் விடவில்லை. முடித்துவிட்டு, காய்ந்த பூவைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்துப் பையில் போட்டார்.

"நாங்க கும்புட்டது உன்னையுமில்ல, உன் மையையுமில்ல. அது போற எடத்துக்குப் போயிருக்கும்" என்றார். கதவு வரை போய்த் திரும்பி, "ஆனா பாய அங்க போடச் சொன்னது என் வாயிதானே" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

மறுநாள் அதே கொத்தனார் வந்தார். முதலில் மேலே குழாயை மாற்றினார். அப்புறம் மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டு, தூள் பறக்காமல் இருக்கத் தண்ணீர் அடித்து நனைத்து நனைத்துப் பூச்சை உரித்தோம். பாளம் பாளமாக வந்தது. உள்பக்கம் வெளியே தெரிந்ததைவிட மோசம். பீரோவை நகர்த்தியபோது அதன் பின்பலகை முழுக்கக் கருப்பு வெல்வெட் துணி போர்த்தியது போல மெத்தென்று படர்ந்திருந்தது. மகள் தலை வைத்த இடத்திலிருந்து ஒரு முழம் தூரம்கூட இல்லை. அங்கே கொஞ்ச நேரம் என்னால் நிற்க முடியவில்லை, வெளியே போய்த் திரும்பி வந்தேன். ஜன்னல்களுக்குக் குரங்கு நுழைய முடியாத கம்பி வலையை வீட்டுக்காரரே நின்று அடித்துக் கொடுத்தார். சுவர் காய ஒன்றரை மாதம் ஆனது.

மகளுக்கு இப்போது பத்து வயது. பள்ளிப் பையில் மூச்சோடு உறிஞ்சும் இன்ஹேலர் எப்போதும் இருக்கும், எடுக்க வேண்டிய அவசியம் அநேகமாக வருவதில்லை. மனைவி ஒரு மாதம் கழித்துத்தான் என்னோடு சரியாகப் பேசினாள். நான் இன்னும் ஜோக் அடிக்கிறேன், அது நின்றால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஆனால் நான் விளையாட்டுக்குச் சொன்னதை ஒருவர் உண்மை என்று எடுத்துக்கொண்டார் எனத் தெரிந்தால், அவர் முகம் எவ்வளவு மலர்ந்திருந்தாலும் சரி, அங்கேயே, அப்போதே, "சும்மா சொன்னேங்க" என்று உடைத்துவிடுகிறேன். அப்போது என் முகத்தில் வழிகிற அசடு கொஞ்ச நேரத்தில் போய்விடும், அந்தக் கூடாரத்தில் என் உள்ளங்கைக்குக் கீழே காற்றுக்காகப் படபடத்த அந்தச் சின்ன முதுகு போகவே போகாது.